குழாய்த் தண்ணீருக்கு நிறைவு, மழைத் தண்ணீருக்குப் பாதி: சீகெம் ஈக்விலிப்ரியம், 600 கிராம் டப்பா

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயிலிருந்து ஊசிக்குழலால் 10 மில்லி தண்ணீரை அளந்து, ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ஏ.பி.ஐ நிறுவனத்தின் கே.எச் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், முதல் சொட்டில் நீலமாகும் தண்ணீர் ஐந்தாவது சொட்டில் மஞ்சளாகிவிடுகிறது. ஜி.எச் திரவத்தில் ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுவதற்கு ஆறு சொட்டுகள் தேவைப்படுகின்றன. கையேடு 5 மில்லிதான் எடுக்கச் சொல்கிறது. அந்த அளவில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. எங்கள் ஊரைப் போன்ற மென்னீருக்கு அந்தக் கணக்கு மிகவும் முரடானது என்பதால் நான் இரட்டிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டை அரை டிகிரி என்று எண்ணுகிறேன். ஆக, எங்கள் குழாய்த் தண்ணீரின் கே.எச் இரண்டரை, ஜி.எச் மூன்று. இந்த இரண்டு எண்களையும் முதலில் சொல்லிவிடக் காரணம், நான் மதிப்பிட வந்திருக்கும் ஈக்விலிப்ரியம் என்ற மீன்தொட்டித் தாது உப்புத் தூள் இவற்றில் ஒன்றை, ஜி.எச்சை, மட்டுமே உயர்த்தும் என்பதுதான். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நான் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

ஜி.எச் என்பது தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகிய இரண்டின் அளவு. கே.எச் என்பது அதில் உள்ள பைகார்பனேட்டின் அளவு, அதாவது அமிலம் சேரும்போது பி.எச் சட்டென்று கீழே விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும் திறன். இரண்டுக்கும் டிகிரி என்ற ஒரே அலகு. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு நிகர். சுண்ணாம்புப் பாறை வழியாக ஓடிவரும் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தே உயரும் என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுகிறார்கள். டர்பனுக்குத் தண்ணீர் தரும் உம்கேனி ஆற்றுப் படுகையில் சுண்ணாம்புப் பாறை அரிது. மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகிள், இனாண்டா ஆகிய அணைகளில் தேங்கி நமக்கு வந்து சேர்வது மென்மையான தண்ணீர். கெண்டியின் அடியில் வெள்ளைப் படிவு ஒட்டாததற்கும், சோப்பு உடனே நுரைப்பதற்கும் அதுவே காரணம்.

என் தொட்டி 120 லிட்டர் கொள்ளளவு கொண்டது. ரோட்டாலா, கிரிப்டோகோரைன், அனுபியாஸ், ஒரு மூலையில் வாலிஸ்நேரியா, இருபதுக்கும் மேற்பட்ட செர்ரி இறால்கள், நியான் டெட்ரா மீன்கள் ஒரு கூட்டம். உருளையிலிருந்து கார்பன் டைஆக்சைடு கொடுக்கிறேன். உரங்களைத் தாராளமாக இட்டு, வாரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி, மிஞ்சியதை வெளியேற்றும் டாம் பார் என்பவரின் முறையைப் பின்பற்றுவதால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் 60 லிட்டர் பழைய தண்ணீர் வெளியே போய் 60 லிட்டர் புதிய தண்ணீர் உள்ளே வருகிறது. வாரத்துக்குப் பத்து சதவீதம் மட்டும் மாற்றுகிறவர்களுக்குப் புதிய தண்ணீரின் தன்மை அவ்வளவு பெரிய கவலையாக இராது. பாதியை மாற்றுகிறவனுக்கு, உள்ளே வரும் தண்ணீர் எப்படிப்பட்டதோ அப்படிப்பட்டதாகத்தான் தொட்டியும் ஒரு மாதத்தில் மாறிப்போகும்.

செடிகளுக்காக மட்டும் என்றால் எங்கள் ஊர்த் தண்ணீரில் எதையும் சேர்க்க வேண்டியதில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ரோட்டாலாவும் கிரிப்டோகோரைனும் மென்னீரில் பிறந்து வளர்ந்தவை, ஜி.எச் மூன்றில் அவை நன்றாகவே தளிர்விட்டன. என்னைக் கடைக்கு அனுப்பியவை இறால்கள்தான். சட்டை உரிக்கும்போது ஓடு தலைக்கும் உடலுக்கும் நடுவே வளையமாகப் பிளந்து, அந்த வெள்ளை வளையத்தோடேயே சில இறால்கள் செத்துக் கிடந்தன. செர்ரி இறால் வளர்ப்பவர்கள் ஜி.எச்சை ஆறு முதல் எட்டு வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். என் தொட்டியில் அதில் பாதிதான் இருந்தது.

நான் முதலில் போன கடையில் எனக்கு ஆர்.ஓ இயந்திரத்தை விற்றுவிட்டார்கள். "அண்ணா, இந்த ஊர்த் தண்ணில ஒண்ணும் நிக்காது, மொதல்ல தண்ணியச் சுத்தமாக்குங்க, அப்புறம் உப்புப் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிக்கொண்டு வந்தேன். கடினநீர் உள்ள ஊரில் அது சரியான அறிவுரை. ஏற்கெனவே மென்மையாக இருக்கும் தண்ணீரிலிருந்து அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு காசு கொடுத்து அதையே திரும்பச் சேர்ப்பது எந்த ஊர்க் கணக்கு என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டருக்கும் மேல் சாக்கடைக்குப் போவதை, குழாய் வறண்டு தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நின்று பழகிய எங்கள் தெருவில், நான்கு மாதத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, அதன் பிறகே சீகெம் நிறுவனத்தின் ஈக்விலிப்ரியத்தை 600 கிராம் டப்பாவாக வாங்கினேன்.

டப்பாவைத் திறந்தால் உள்ளே மாவைப் போன்ற வெள்ளைத் தூள். பொட்டாசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், மக்னீசியம் சல்பேட் ஆகியவற்றோடு இரும்பும் மாங்கனீசும் சிறிதளவு கலந்திருக்கின்றன. சாப்பாட்டு உப்பு சேர்க்கப்படவில்லை என்பது செடி வளர்ப்பவர்களுக்கு முக்கியமான செய்தி. 80 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 16 கிராம் போட்டால் ஜி.எச் ஏறக்குறைய மூன்று டிகிரி உயரும் என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். நம்பாமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். என் 60 லிட்டருக்கு 12 கிராம். அதில் கால்சியம் 8 சதவீதத்துக்குச் சற்று அதிகம் என்பதால் லிட்டருக்கு 16 மில்லிகிராம் வரும்; மக்னீசியம் 2.4 சதவீதம் என்பதால் லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமை நெருங்கும். ஒரு டிகிரிக்குக் கால்சியமாக இருந்தால் 7.1 மில்லிகிராம், மக்னீசியமாக இருந்தால் 4.3 மில்லிகிராம் என்ற விகிதத்தில் கூட்டினால் மூன்றைத் தாண்டிச் சிறிது வருகிறது. சொட்டுச் சோதனையிலும் ஆறு சொட்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று சொட்டுகள் ஆயின. உறை சொல்வதும் தண்ணீர் காட்டுவதும் ஒத்துப்போகும் பொருள்கள் இந்தத் துறையில் எவ்வளவு குறைவு என்பது பல டப்பாக்களை வாங்கி அடுக்கியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் வெளிப்பட்டது. தூளில் மிகுதியாக இருப்பது கால்சியம் இல்லை, பொட்டாசியம். எடையில் 19.5 சதவீதம். வாரந்தோறும் உள்ளே விடும் தண்ணீரில் லிட்டருக்கு 39 மில்லிகிராம் பொட்டாசியம் சேர்கிறது என்று பொருள். செடிகளுக்கு அது உணவுதான். இந்த அளவு தீங்கு செய்ததாக என் தொட்டியில் எந்த அடையாளமும் இல்லை. ஆனால் நான் தனியாகப் பொட்டாசியம் சல்பேட்டையும் வாரம் மூன்று முறை போட்டுக்கொண்டிருந்தேன். ஈக்விலிப்ரியம் பயன்படுத்துகிறவர் அதை நிறுத்திவிடலாம், காசு மிச்சம். நைட்ரேட்டுக்காகப் பொட்டாசியம் நைட்ரேட் போடுவதைத் தொடரலாம்.

கலக்கும் விதத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் கைப்பழக்கம் இல்லாவிட்டால் பொருள் கெட்டதென்று தோன்றிவிடும். கால்சியம் சல்பேட் எளிதில் கரையாத உப்பு. நான் இட்லிக்கு உளுந்து அளக்கும் சமையலறைத் தராசில் 12 கிராமை நிறுத்து, இரண்டு லிட்டர் கூஜாவில் போட்டு, ஒரு மரக்கரண்டியால் கலக்குவேன். முதலில் அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்துப்போகும். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கலக்கினால் அடியில் மணல் போலக் கொஞ்சம் தங்கும். அந்த மணலையும் விடாமல் வாளித் தண்ணீரில் அலசி ஊற்றிவிட வேண்டும், ஏனெனில் கடைசியாகக் கரைவதுதான் கால்சியம். தொட்டியில் ஊற்றிய பின் அரைமணி நேரம் தண்ணீர் மங்கலாகத் தெரியும், பிறகு தெளிந்துவிடும். அவசரப்பட்டு உலர்ந்த தூளை நேராகத் தொட்டியில் தூவினால் அது அனுபியாஸ் இலைகளின் மேல் வெள்ளையாகப் படிந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் நான் செய்தது அதுதான். என் மகள் பார்த்துவிட்டு, செடிக்குத் திருநீறு பூசிவிட்டீர்களா என்று கேட்டாள்.

குளோரினைப் போக்குவதற்கு நான் அதே நிறுவனத்தின் பிரைம் திரவத்தைப் பயன்படுத்துகிறேன். 200 லிட்டருக்கு 5 மில்லி என்பது அதன் அளவு. வாளியில் கலந்து ஊற்றினால் 60 லிட்டருக்கு ஒன்றரை மில்லி போதும். குழாயிலிருந்து ரப்பர் குழலை நேராகத் தொட்டிக்குள் விடுகிறவர்கள் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு முன்னதாகவே ஊற்றிவிட வேண்டும், என் தொட்டிக்கு அது மூன்று மில்லி. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் வசிக்கும் வாசகர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ராண்ட் வாட்டர் நிறுவனம் வழியில் உள்ள நிலையங்களில் அம்மோனியாவைச் சேர்த்துக் குளோராமினாக மாற்றி அனுப்புகிறது. தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் வழி குளோராமினுக்குச் செல்லாது.

முதல் ஆறு மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. இறால்கள் வளையமின்றிச் சட்டை உரித்தன, முட்டை சுமந்தன; உரித்த ஓடுகள் முழுதாக, கண்ணாடித் தாள் போல, பாசியின் மேல் கிடப்பதைக் காலையில் பார்ப்பது ஒரு மகிழ்ச்சி. வாலிஸ்நேரியா மட்டும் முன்பு போலவே மெதுவாக வளர்ந்தது. அதற்கு வேண்டியது பைகார்பனேட். இந்த டப்பாவில் அது இல்லை.

தவறு நடந்தது கோடையில். டொங்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அவ்வூர் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் அவர்கள் பட்ட துன்பத்தைப் பார்த்த பிறகு, நாங்களும் கொல்லைப்புறத்தில் கூரைத் தண்ணீரைப் பிடிக்க ஒரு ஜோஜோ டேங்க் வைத்திருந்தோம். எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் விட்டுவிட்டு வரத் தொடங்கிய சமயத்தில், வருகிற கொஞ்சத்தைச் சமையலுக்கும் குளிக்கவும் வைத்துக்கொண்டு, மீன்தொட்டிக்கு மழைத் தண்ணீரைப் பயன்படுத்துவதென்று முடிவு செய்தேன். மழைத் தண்ணீரில் கே.எச்சும் இல்லை, ஜி.எச்சும் இல்லை என்பது எனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் 12 கிராமுக்குப் பதிலாக 24 கிராம் ஈக்விலிப்ரியம் போட்டேன். சொட்டுகளை எண்ணினேன், பன்னிரண்டு. ஜி.எச் ஆறு. கரைபொருள் அளக்கும் பேனாவும் வழக்கத்தைவிட அதிகமாகவே காட்டியது. எல்லாம் சரி என்று மூன்று வாரங்கள் அப்படியே மாற்றிக்கொண்டு வந்தேன். கே.எச் திரவப் புட்டியை மட்டும் அந்த மூன்று வாரமும் கையில் எடுக்கவில்லை.

ஒவ்வொரு வாரமும் பாதி மாறும்போது மிஞ்சியிருக்கும் பைகார்பனேட்டும் பாதியாகும். தொட்டியில் இரண்டு டிகிரி இருந்தது ஒன்றாகி, அரையாகி, மூன்றாவது வாரம் காலாகிவிட்டது. போதாததற்கு, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் தங்கள் வேலைக்குப் பைகார்பனேட்டைச் செலவழிக்கின்றன. இன்னொரு பக்கம் கார்பன் டைஆக்சைடு எப்போதும் போல ஏறிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 30 மில்லிகிராம் கார்பன் டைஆக்சைடு இருக்கும் தண்ணீரில் கே.எச் மூன்றாக இருந்தால் பி.எச் 6.5 அளவில் நிற்கும். அதே வாயுவுக்குக் கே.எச் அரை டிகிரியானால் பி.எச் 5.7, கால் டிகிரியானால் 5.4. கே.எச்சை மூன்றால் பெருக்கி, அதைப் பத்தின் அடுக்கில் ஏழிலிருந்து பி.எச்சைக் கழித்த எண்ணை வைத்துப் பெருக்கினால் கார்பன் டைஆக்சைடு வரும் என்ற பழைய வாய்ப்பாடு இது. செடி வளர்ப்பவர் எல்லோரும் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் அட்டவணையும் இதிலிருந்து வந்ததே. நானும் ஒட்டித்தான் வைத்திருந்தேன்.

என்னைக் கூடுதலாக ஏமாற்றியது, கார்பன் டைஆக்சைடு அளவை நிறத்தால் காட்டுவதற்காகத் தொட்டிக்குள் தொங்கும் சொட்டுக் கண்ணாடிக் குமிழ். அது மூன்று வாரமும் பச்சையாகவே இருந்தது. அது பொய் சொல்லவில்லை. அதற்குள் இருப்பது கே.எச் நான்கு என்று அளந்து தயாரித்த தனித் தண்ணீர். தொட்டித் தண்ணீரோடு அது கலப்பதில்லை, வாயு மட்டுமே உள்ளே போய்வருகிறது. ஆகவே வாயு சரியான அளவில் இருக்கிறது என்பதை அது சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தொட்டித் தண்ணீர் தாங்குசக்தி இழந்து நிற்பதைச் சொல்வது அதன் வேலை இல்லை.

நான்காம் வாரம் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தது. கலங்கல் நீங்கும் வரை திறந்து விட்டுவிட்டு, பிரைம் கலந்து, 12 கிராம் ஈக்விலிப்ரியமும் கலந்து, வழக்கம்போல் 60 லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினேன். நல்ல தண்ணீர் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி வேறு. மாலையில் இறால்கள் தரையை விட்டு எழுந்து தொட்டி முழுக்க வெறிபிடித்தவை போல நீந்தின. டெட்ராக்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன. மாற்றுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த பழைய தண்ணீரைச் சோதித்தேன். பி.எச் சோதனையில் தெளிவான மஞ்சள் வந்தது. அதன் வண்ண அட்டையில் மஞ்சள்தான் கடைசி, அது 6.0, அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் காட்ட நிறம் கிடையாது. அம்மோனியா சோதனை பச்சையாக, 2 மில்லிகிராம் அளவில் நின்றது. செடிகள் நிறைந்த தொட்டியில் இந்த எண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

நடந்ததை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். பி.எச் ஆறுக்குக் கீழே போனதும் அந்தப் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிட்டன, அம்மோனியா தேங்கியது. ஆனால் அமிலத் தண்ணீரில் அது ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் என்ற தீங்கற்ற வடிவில் இருந்ததால் மீன்கள் எதையும் காட்டவில்லை. காரமான குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி ஊற்றிய மாலையில் பி.எச் 7.2. பி.எச் ஒவ்வொரு எண் ஏறும்போதும் நச்சான அம்மோனியாவின் பங்கு பத்து மடங்கு ஏறும் என்பதால், தொட்டியில் இருந்த அளவு பாதியாகக் குறைந்திருந்தும், அதில் நச்சு வடிவத்தின் விகிதம் பல பத்து மடங்கு கூடிவிட்டது. திடீர் பி.எச் ஏற்றமே இறால்களுக்கு ஒரு தாக்குதல். இரண்டில் எது கொன்றது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மறுநாள் காலைக்குள் ஏழு இறால்கள் போய்விட்டன. மீன்கள் தப்பின.

இதில் ஈக்விலிப்ரியத்தின் மேல் பழிபோட ஒன்றுமில்லை. கே.எச்சை உயர்த்தாது என்பது அதன் குறை இல்லை, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கார்பனேட்டுக்கு ஆல்கலைன் பஃபர் என்று அதே நிறுவனம் வேறொரு டப்பா விற்கிறது. ஆனால் வாங்குகிறவர் தன் தண்ணீரை அறிந்து வாங்க வேண்டும். டர்பன் குழாய்த் தண்ணீரில் கே.எச் இரண்டரை இயல்பாகவே இருப்பதால் இந்த ஒரு டப்பா போதும். வாரம் பாதி மாற்றுகிறவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் அந்த இரண்டரை புதிதாக வந்து சேர்ந்துவிடும். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ தண்ணீரோ பயன்படுத்துகிறவருக்கு இது பாதி வேலைதான் செய்யும்.

மீதிப் பாதியை நான் இப்போது சமையலறை அலமாரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். ஆப்பத்துக்குப் போடும் சோடா, வேறு எதுவும் கலக்காத சோடியம் பைகார்பனேட், லிட்டருக்கு 30 மில்லிகிராம் போட்டால் கே.எச் ஒரு டிகிரி ஏறும். 60 லிட்டர் மழைத் தண்ணீரை இரண்டரை டிகிரிக்குக் கொண்டுவர நாலரை கிராம். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். செடிகளுக்குச் சோடியம் வேண்டாம் என்று சொல்லிப் பொட்டாசியம் பைகார்பனேட்டைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. ஈக்விலிப்ரியம் ஏற்கெனவே பொட்டாசியத்தை வாரி இறைக்கும்போது அதன் மேல் இன்னும் பொட்டாசியம் எதற்கு என்பது என் எண்ணம். இரண்டரை டிகிரிக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் சோடியம் சேரும், ரோட்டாலா அதைப் பொருட்படுத்தவில்லை. ஏற்கெனவே கே.எச் விழுந்துவிட்ட தொட்டியைத் தூக்கும்போது மட்டும் நாளுக்கு அரை டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் மாற்றுவதும் அப்போது பத்துப் பத்து லிட்டராகத்தான். அன்றைய நிலையில் நான் முதலில் அம்மோனியாவைச் சோதித்திருந்தால் அந்த 60 லிட்டரை ஆறு நாட்களுக்குப் பிரித்திருப்பேன்.

இந்த டப்பா யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் வேளச்சேரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மீன் வளர்க்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, நான் இதைப் புகழ்ந்ததைக் கேட்டு ஒன்று வாங்கி அனுப்பச் சொன்னான். வாளியில் வெள்ளைக் கறை பிடிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் போடுவது கடலில் உப்பைக் கரைப்பது போலத்தான் என்று சொல்லி மறுத்துவிட்டேன். இங்கேயும் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரே மென்னீர் என்று எண்ணிக்கொள்ளாமல் முதலில் சொட்டுகளை எண்ணிப் பார்க்கட்டும். இறால் இல்லாமல், மென்னீர்ச் செடிகளும் டெட்ராக்களும் மட்டும் வளர்க்கும் டர்பன்காரருக்கும் இது அவசியம் இல்லை. மிக மென்மையான தண்ணீர் வரும் கேப் டவுனில் இருப்பவருக்கு இது என்னைவிட அதிகமாகப் பயன்படும், சோடாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால்.

விலை பற்றி ஒரு வார்த்தை. இறக்குமதிப் பொருள் என்பதால் ராண்டின் மதிப்பு விழும்போதெல்லாம் இதன் விலை ஏறுகிறது. இதில் இருக்கும் மூன்று உப்புகளும் அபூர்வமானவை இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட்தான்; வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் உணவுத் தர ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், கிடைக்கிறது. 60 லிட்டருக்கு நான்கு கிராம் ஜிப்சமும் இரண்டு கிராம் எப்சம் உப்பும் கலந்தால் அதே மூன்று டிகிரி வந்துவிடும், பொட்டாசியச் சுமையும் இல்லை. ஜிப்சம் கரைவதற்கு இன்னும் பொறுமை வேண்டும். முந்தைய இரவே கூஜாவில் ஊறப்போட்டால் நல்லது. நிறுத்துப் போடத் தயங்காதவருக்கு இந்த வழியையே சொல்வேன். கரண்டி அளவில் போட்டுவிட்டுப் போக விரும்புகிறவருக்கு, தண்ணீருக்கு மாதம் ஒருமுறை சொட்டுச் சோதனை செய்யும் ஒழுங்கும் இருந்தால், ஈக்விலிப்ரியத்தைத் தயங்காமல் சொல்வேன்.

என் 600 கிராம் டப்பா, வாரம் 12 கிராம் என்ற கணக்கில் ஐம்பது வாரம் வந்திருக்க வேண்டும். மழைத் தண்ணீர் வாரங்களில் இரட்டிப்பாகப் போட்டதால் இப்போது அடியில் மூன்று கரண்டி அளவுதான் மிச்சம். ஈரக் கரண்டியை ஒருமுறை உள்ளே விட்டதால் ஓரத்தில் கொஞ்சம் கட்டிப்பட்டிருக்கிறது, நசுக்கினால் உடைகிறது. பெரிய தொட்டிக்கு அடுத்த மாதத்திலிருந்து ஜிப்சத்துக்கு மாறுகிறேன். என் மகள் தன் மேசையில் வைத்திருக்கும் 20 லிட்டர் தொட்டிக்கு வாரம் 10 லிட்டர் மாற்றினால் இரண்டு கிராம் போதும். அதை அவளே நிறுத்துப் போடுகிறாள், அவளுக்கு மட்டும் 300 கிராம் டப்பா ஒன்று வாங்கப் போகிறேன். கே.எச் சொட்டுகளை எண்ணிச் சுவரில் எழுதிவைப்பதும் இப்போது அவள் பொறுப்பில் இருக்கிறது. போன ஞாயிறு ஐந்து.